முதல் ஹெல்மெட்: எம் இறுக்குகிறது, எல் இதமாக இருக்கிறது. எதை வாங்குவது?

புதுச்சக்கரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம்தான் லைசென்ஸ் கைக்கு வந்தது. பைக் அடுத்த மாதம் வருகிறது. அதற்குள் ஹெல்மெட் வாங்கிவிடலாம் என்று மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒருவர் கார்பன் ஃபைபர் என்கிறார், இன்னொருவர் மிப்ஸ் இல்லாததைத் தொடவே கூடாது என்கிறார். என் நண்பனோ முத்திரை இருந்தால் போதும், மீதியெல்லாம் பெயின்ட்தான் என்கிறான்.

தினமும் போக வர 40 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கும். அதில் பாதி நெடுஞ்சாலை. மூக்குக்கண்ணாடி போடுகிறேன். தலைச் சுற்றளவு 58 செ.மீ. தங்கை அடிக்கடி பின்னால் உட்கார்ந்து வருவாள்.

நேற்று ஒரு கடையில் இரண்டு அளவு போட்டுப் பார்த்தேன். எம் போட்டால் கன்னம் இரண்டும் நசுங்குகிறது, பேசினால் கன்னத்தைக் கடித்துக்கொள்கிறேன். எல் இதமாக, தொப்பி போட்ட மாதிரி இருந்தது. எல் வாங்கிவிடலாமா?

நெடுவழி எழுதியது:

தம்பி, அந்த எல் அளவை வாங்காதீர்கள். கடையில் இதமாக இருக்கிற ஹெல்மெட் ஆறு மாதத்தில் தலையில் சுற்றும். உள்ளே இருக்கிற பஞ்சு நம் தலைக்கு ஏற்ப அமுங்கிக்கொடுக்கும். முதல் இருபது மணி நேரம் ஓட்டுவதற்குள்ளேயே கன்னப் பக்கம் தளர்வது தெரியும். எனவே புதிதாக இருக்கும்போது கன்னம் கொஞ்சம் உப்பித் தெரிவதுதான் சரி. பேசினால் கன்னத்தைக் கடிக்கிறீர்கள் என்றால் கன்னப் பஞ்சின் அளவு நன்றாக இருக்கிறது என்று பொருள்.

ஆனால் கன்னம் இறுக்குவது வேறு, நெற்றி இறுக்குவது வேறு. கன்னத்தில் சதை இருக்கிறது, பழகிவிடும். நெற்றியிலும் பொட்டிலும் எலும்பு. அங்கே ஒரே இடத்தில் குத்துகிற மாதிரி இருந்தால் எத்தனை நாள் போட்டாலும் பழகாது. அது அளவுத் தவறு கூட இல்லை, வடிவத் தவறு.

இதைத்தான் புதிதாக வாங்குகிற எல்லோரிடமும் முதலில் சொல்வேன். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொருவர் தலையும் ஒவ்வொரு வடிவம். சிலருக்கு முன்னும் பின்னும் நீண்டு பக்கவாட்டில் குறுகி இருக்கும். சிலருக்குக் கிட்டத்தட்ட வட்டம். பெரும்பாலோருக்கு இரண்டுக்கும் நடுவில். சுற்றளவு 58 என்று இருவர் சொன்னாலும் ஒரே ஹெல்மெட் இருவருக்கும் பொருந்தாது. நீண்ட தலைக்காரர் வட்டமான ஹெல்மெட் போட்டால் நெற்றி நடுவில் வலிக்கும், காதுக்கு மேலே இடம் காலியாகக் கிடக்கும். வட்டத் தலைக்காரர் நீண்டதைப் போட்டால் இரண்டு பொட்டும் தெறிக்கும். இந்த வலிக்குப் பயந்துதான் பலர் ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது.

வீட்டில் தலையை நனைத்து முடியைப் படிய வாரிவிட்டு, தங்கையை ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று உச்சியிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வடிவம் தெரிந்துவிடும். அப்புறம் அந்த வடிவத்துக்கு வார்க்கும் தயாரிப்பாளரைத் தேடுங்கள். ஒரே நிறுவனத்திலேயே மாடலுக்கு மாடல் உள்வடிவம் மாறும்.

புதுச்சக்கரம் எழுதியது:

அண்ணா, இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. எம் போட்டபோது நெற்றியில் வலி இருந்ததா என்று நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு நிமிடம்தான் போட்டிருந்தேன், சொல்லத் தெரியவில்லை. கடைக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார், கூச்சமாக இருந்தது.

தறிநூல் எழுதியது:

கூச்சமே வேண்டாம். நான் ஆறு வருடம் ரைடிங் உடைகள் விற்கும் கடையில் அளவு பார்க்கும் வேலை செய்தேன். அரை மணி நேரம் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே கடைக்குள் சுற்றிவந்தவர்களுக்குத்தான் நான் நல்ல ஹெல்மெட் விற்றிருக்கிறேன். இரண்டு நிமிடத்தில் வாங்கிப் போனவர்களில் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அளக்கும் முறையையும் சொல்கிறேன். தையல்காரர் டேப்பை எடுத்து, புருவத்துக்கு இரண்டரை செ.மீ. மேலே வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்தலையில் எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அந்த இடத்தைச் சுற்றி வாருங்கள். மூன்று தடவை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனத்தின் அட்டவணையிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு இடத்தில் 58 எம் ஆக இருக்கும், இன்னொரு இடத்தில் எல் ஆக இருக்கும். எழுத்தை நம்பாதீர்கள், செ.மீ.யை நம்புங்கள்.

கடையில் போட்டதும் வார்ப்பட்டையை மாட்டுங்கள். மாட்டாமல் செய்கிற சோதனை எதற்கும் பயன்படாது. பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல்தான் நுழைய வேண்டும். அடுத்து ஹெல்மெட்டின் தாடைப் பகுதியைக் கையால் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். கன்னத் தோலும் புருவமும் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். தோல் நின்ற இடத்திலேயே நிற்க ஹெல்மெட் மட்டும் வழுக்கிப் போனால் பெரிது. கடைசியாக, பின்கழுத்துப் பக்கம் அடி விளிம்பில் விரல்களைக் கொடுத்து மேலும் முன்னுமாக இழுத்துப் பாருங்கள். எவ்வளவு இழுத்தாலும் தலையைவிட்டுக் கழன்று வரக் கூடாது. கழன்றுவந்தால் அது எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், எத்தனை முத்திரை இருந்தாலும், உங்களுக்கு அது ஹெல்மெட் இல்லை.

அரை மணி கழித்துக் கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். பரவலான லேசான தடம் பரவாயில்லை. நாணயம் அளவுக்குச் சிவந்து தனியாகத் தெரிந்தால் அடுத்ததைக் கேளுங்கள்.

இன்னொன்று. சில தயாரிப்புகளில் எக்ஸ்எஸ் முதல் எக்ஸ்எல் வரை வெளி ஓடு ஒன்றேதான், உள்ளே பஞ்சை மட்டும் கூட்டிக் குறைப்பார்கள். நல்ல தயாரிப்புகளில் இரண்டு, மூன்று, நான்கு ஓட்டு அளவுகள் இருக்கும். சிறிய தலை உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். தங்கைக்கு வாங்கும்போது கட்டாயம் கேளுங்கள். பெரிய ஓட்டுக்குள் நிறையப் பஞ்சு வைத்து அடைத்த ஹெல்மெட் கழுத்துக்குத்தான் பாரம்.

ஆற்றுமணல் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் வெயிலில் இதெல்லாம் நடக்கிற காரியமா? நான் எட்டு வருடமாக ஓபன் ஃபேஸ், அதாவது முகம் திறந்திருக்கிற வகைதான் போடுகிறேன். காற்று வருகிறது, காது கேட்கிறது, நாலு பக்கமும் பார்க்க முடிகிறது. மூச்சுமுட்டிக்கொண்டு ஓட்டுவதைவிட நிதானமாக ஓட்டுவதுதான் பாதுகாப்பு என்பது என் எண்ணம். நகருக்குள் ஓட்டுகிறவருக்கு எதற்கு முழு முகம்?

இரவுப்பணி எழுதியது:

ஆற்றுமணல் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். பதினோரு வருடம் ஆகிறது. நகருக்குள்ளேயே, மெதுவாகப் போய் விழுந்து, தாடை இரண்டாகப் பிளந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையில் ஒரு கீறல் இருக்காது. ஓபன் ஃபேஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும். முகத்தைக் காப்பது அதன் வேலையே இல்லை.

மனிதன் விழும்போது கையை ஊன்றுவான், அடுத்து முகம்தான் தரைக்குப் போகும். ஜெர்மனியில் டீட்மார் ஓட்டே என்ற ஆய்வாளர் விபத்தில் சிக்கிய ஹெல்மெட்டுகளில் எங்கெங்கே அடிபட்டிருக்கிறது என்று குறித்து வரைந்த படம் ஒன்று உண்டு. சுமார் 35 விழுக்காடு தாடைப் பகுதியில் விழுகிறது. உச்சந்தலையில் விழுவது மிகக் குறைவு. ஓபன் ஃபேஸ் எதைத் திறந்து விட்டிருக்கிறதோ அங்கேதான் மூன்றில் ஒரு அடி.

தாடை எலும்பு உடைந்தால் ஆறு வாரம் பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டி வைக்க வேண்டியிருக்கலாம். குழாய் வைத்துக் கஞ்சி குடிப்பார்கள். அந்த ஆறு வாரத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வேகம் குறைவு என்பதற்காக முகத்தைத் திறந்து வைக்காதீர்கள்.

வெயில் கஷ்டம் உண்மைதான், மறுக்கவில்லை. தாடையிலும் உச்சியிலும் காற்றுத் துளையும், பின்னால் காற்று வெளியேறும் வழியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முன்னால் துளை இருந்து பின்னால் வழி இல்லையென்றால் காற்று உள்ளே சுற்றாது. கழற்றித் துவைக்கிற உள்துணி இருந்தால் வியர்வைத் தொல்லையும் பாதி போகும். சிக்னலில் வைசரை ஒரு விரல்கடை திறந்து வைக்கலாம்.

ஆற்றுமணல் எழுதியது:

கோபமெல்லாம் இல்லை அம்மா. 35 என்று தெரியாது. இந்த மேலே தூக்குகிற வகை, அதாவது ஃபிளிப் அப், அது எப்படி? சிக்னலில் தூக்கிக்கொள்ளலாம் என்றால் எனக்குச் சரிப்படும் போலிருக்கிறது.

நெடுவழி எழுதியது:

நல்ல இடைவழிதான். எடை கொஞ்சம் கூடும், சத்தமும் கூடும். வாங்கும்போது வார்ப்பட்டையில் தைத்திருக்கும் இசிஇ, அதாவது ஐரோப்பிய ஹெல்மெட் விதியின் துணிச்சீட்டைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் சான்று கொடுத்த நாட்டைக் குறிக்கும். 1 என்றால் ஜெர்மனி, 3 என்றால் இத்தாலி, 9 என்றால் ஸ்பெயின். அதைப் பார்த்து ஹெல்மெட் அங்கே செய்யப்பட்டது என்று நினைக்க வேண்டாம், சான்றுதான் அங்கே.

அதற்குப் பக்கத்தில் நீளமான எண். அது 06 என்று ஆரம்பித்தால் 22.06 விதிப்படி சோதித்தது. 05 என்றால் பழைய 22.05. எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்து வரும். பி என்றால் தாடைப் பட்டையும் சோதனையில் தேறியது. ஜே என்றால் ஓபன் ஃபேஸ். என்பி என்றால் தாடைப் பட்டை இருக்கிறது, ஆனால் அது பாதுகாப்புக்கு இல்லை. ஃபிளிப் அப் வாங்குகிறவர் பி, ஜே இரண்டும் சேர்ந்து இருப்பதைத் தேட வேண்டும். மூடினாலும் திறந்தாலும் சோதித்தது என்று அர்த்தம். பி மட்டும் இருந்தால் ஓடும்போது மூடியே இருக்க வேண்டும். எது இருந்தாலும் நெடுஞ்சாலையில் மூடித்தான் ஓட்ட வேண்டும் என்பேன்.

புதுச்சக்கரம் எழுதியது:

இந்த முத்திரைகளை யாராவது கொஞ்சம் விளக்க முடியுமா? டாட், இசிஇ, ஸ்னெல், ஷார்ப் என்று நாலைந்து வருகிறது. எது பெரியது?

கணக்குவாத்தியார் எழுதியது:

பெரியது சிறியது என்று பார்ப்பதைவிட, யார் சோதிக்கிறார்கள், எதைச் சோதிக்கிறார்கள் என்று பார்த்தால் தெளிவாகிவிடும்.

டாட் அமெரிக்க அரசின் விதி. தயாரிப்பாளரே தன் ஹெல்மெட் தேறும் என்று சொல்லி முத்திரை ஒட்டிக்கொள்வார். அரசு பிறகு கடையிலிருந்து சிலவற்றை வாங்கிச் சோதிக்கும். இதில் தாடைப் பட்டைக்குச் சோதனையே கிடையாது. இசிஇ அப்படியில்லை. விற்பனைக்கு வருமுன்பே மாதிரிகளை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பித் தேற வேண்டும். ஸ்னெல் அரசு அமைப்பே அல்ல. பீட் ஸ்னெல் என்ற பந்தயக்காரர் 1956 இல் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் போட்டிருந்த ஹெல்மெட் அவரைக் காக்கவில்லை. அவர் நண்பர்கள் 1957 இல் ஆரம்பித்த அறக்கட்டளை அது. நிறுவனங்கள் விரும்பினால்தான் அதற்குப் போகும். ஷார்ப் என்பது பிரிட்டிஷ் அரசு 2007 இல் தொடங்கிய நட்சத்திர மதிப்பீடு. ஏற்கெனவே இசிஇ தேறிய ஹெல்மெட்டுகளைக் கடையில் வாங்கி, இன்னும் பல இடங்களில் அடித்துப் பார்த்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் கொடுப்பார்கள்.

இவற்றோடு ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டப்படி ஒரு முத்திரை தேவைப்படும். இந்தியாவுக்கு ஐஎஸ் 4151, மலேசியாவுக்கு சிரிம். நீங்கள் ஓட்டுகிற நாட்டின் முத்திரை இல்லாமல் மற்றது எத்தனை இருந்தாலும் சட்டப்படி செல்லாது. அதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதற்கு மேல் இசிஇ 22.06 உம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை.

ஏன் 22.06 என்றால், பழைய 22.05 இல் எங்கே அடிக்கப் போகிறார்கள் என்று முன்பே தெரியும், ஒரே வேகம்தான். 22.06 இல் மெதுவான அடி, வேகமான அடி இரண்டும் சேர்ந்தன, அடிக்கும் இடங்களும் கூடின. எல்லாவற்றையும்விட முக்கியம், 45 டிகிரி சாய்ந்த சொரசொரப்பான பரப்பில் ஹெல்மெட்டைப் போட்டு, தலை எவ்வளவு சுழல்கிறது என்றும் அளக்கிறார்கள். நாம் சாலையில் நேராக விழுவதில்லை, சறுக்கிக்கொண்டு விழுகிறோம். ஓடு தரையைப் பிடித்துக்கொண்டால் தலை வெடுக்கென்று திரும்பும். மூளை அந்தத் திருப்பத்தைத் தாங்காது.

மிப்ஸ் இங்கேதான் வருகிறது. ஸ்வீடனில் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட் என்ற மூளை அறுவை நிபுணரும் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. உள்ளே மெல்லிய வழுக்கும் தகடு. அடிபடும்போது ஹெல்மெட் தலையைச் சுற்றி 10 முதல் 15 மி.மீ. நகர இடம் கொடுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அது இல்லாமலேயே வேறு வழியில் 22.06 இன் சுழற்சிச் சோதனையில் தேறியவை இருக்கின்றன. சரியாகப் பொருந்தாத மிப்ஸ் ஹெல்மெட்டைவிட, சரியாகப் பொருந்திய 22.06 ஹெல்மெட்டைத்தான் என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

வெண்கொக்கு எழுதியது:

வாத்தியாரே, சோதனையில் எவ்வளவு வேகத்தில் அடிக்கிறார்கள்? எங்கோ மணிக்கு 27 கிலோமீட்டர் என்று படித்து அதிர்ந்துபோனேன். நான் 80 இல் போகிறவன். 27க்குச் செய்த ஹெல்மெட் எனக்கு எதற்கு?

கணக்குவாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி. பலரும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஹெல்மெட்டே வீண் என்று முடிவுகட்டுகிறார்கள்.

இசிஇ சோதனையில் முக்கியமான அடி விநாடிக்கு 7.5 மீட்டர். மணிக்கு 27 கி.மீ. என்பது அதுதான். கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரத்திலிருந்து தலை கீழே விழுந்தால் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. 22.06 இன் வேகமான அடி 8.2 மீட்டர். அது 3.4 மீட்டர் உயரத்துக்குச் சமம்.

நீங்கள் 80 இல் போகும்போது சறுக்கி விழுகிறீர்கள். அந்த 80 சாலையின் திசையில் இருக்கிறது. தலை தரையை நோக்கிப் போகிற வேகம் எவ்வளவு? நீங்கள் உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்து விழுகிற வேகம். 20 இல் போனாலும் 80 இல் போனாலும் அது பெரிதாக மாறாது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் விநாடிக்கு 5.4 மீட்டர்தான். சோதனை அதைத் தாண்டி நிற்கிறது. சாலையின் திசையில் உள்ள வேகம் உராய்ந்து உராய்ந்து குறையும். அதற்குத்தான் வழுக்கும் ஓடு, அதற்குத்தான் ஜாக்கெட், கையுறை எல்லாம். ஆனால் எதிரே சுவரோ லாரியோ இருந்து அந்த 80 நேராக அதில் போய் முடிந்தால், எந்த ஹெல்மெட்டும் அந்த முழு வேகத்தையும் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. இதையும் தெரிந்தே ஓட்ட வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இதை வகுப்பில் சொல்லும்போதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஓட்டுக்கு உள்ளே இருப்பது இபிஎஸ், நாம் தெர்மோகோல் என்கிற பொருள்தான், அடர்த்தி மட்டும் அதிகம். 7.5 மீட்டர் வேகத்தில் வருகிற தலை 3 மி.மீ. தூரத்தில் நின்றால் புவியீர்ப்பைப்போல் சராசரியாக 950 மடங்கு அதிர்ச்சி. அதே தலை, இபிஎஸ் நசுங்க நசுங்க 30 மி.மீ. தூரத்தில் நின்றால் 95 மடங்கு. ஹெல்மெட் கொடுப்பது அந்த 27 மி.மீ.தான். நாம் வாங்குவதும் அதைத்தான்.

இசிஇ உச்ச அளவாக 275 மடங்கு வரை விடுகிறது, டாட் 400 வரை விடுகிறது. இப்போது நெடுவழி சொன்ன லூஸ் ஹெல்மெட்டை நினைத்துப் பாருங்கள். தலைக்கும் இபிஎஸ்ஸுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், ஹெல்மெட் தரையில் நின்ற பிறகும் தலை உள்ளே பயணம் செய்துகொண்டிருக்கும். நசுங்க வேண்டிய இடம் தள்ளிப்போகும். தாடையும் நெற்றியும் நேர்கோட்டில் இல்லாமல் ஹெல்மெட் திரும்பியும் போயிருக்கும்.

வெண்கொக்கு எழுதியது:

இப்போது புரிகிறது. நன்றி வாத்தியாரே. அப்படியானால் ஓடு கார்பனா ஃபைபர்கிளாஸா பிளாஸ்டிக்கா என்பது?

கணக்குவாத்தியார் எழுதியது:

எடையில் வித்தியாசம். அடியை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும் இபிஎஸ். ஓடு அதைப் பரப்பிக் கொடுக்கிறது, கூரானவை உள்ளே ஏறாமல் தடுக்கிறது. பாலிகார்பனேட் ஓட்டு ஹெல்மெட்டுகள் ஷார்ப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன. முழு முக ஹெல்மெட் பொதுவாக 1.3 முதல் 1.7 கிலோ வரை வரும். தினம் 40 கிலோமீட்டருக்கு 1.5 கிலோ பழகிவிடும்.

சாரல் எழுதியது:

ஒரு கேள்வி, அதைக் கேட்குமுன் என் கதை. மூன்று வருடம் முன்பு தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பழைய ஹெல்மெட் வாங்கிப் போட்டேன். வெளியே ஒரு கீறல் கூட இல்லை. பிறகு உள்துணியைத் துவைக்கக் கழற்றியபோதுதான் பார்த்தேன், இடது பக்க இபிஎஸ் குழிந்து, குறுக்கே முடி மாதிரி ஒரு விரிசல். யாரோ விழுந்த ஹெல்மெட். ஐந்து மாதம் அதைப் போட்டு நெடுஞ்சாலையில் போயிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் நடுங்குகிறது.

கேள்வி இதுதான். புது ஹெல்மெட் சீட்டிலிருந்து உருண்டு விழுந்துவிட்டது. உள்ளே தலை இல்லை. தூக்கிப்போட வேண்டுமா?

தறிநூல் எழுதியது:

அக்கா, இபிஎஸ் ஒரே தடவைதான் உழைக்கும். நசுங்கியது திரும்ப எழாது. அதனால்தான் பழைய ஹெல்மெட்டை யாரிடமும் வாங்காதீர்கள் என்று சொல்கிறோம், அண்ணன் தம்பியிடம் கூட.

தலையோடு விழுந்திருந்தால் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வெறுமையாக உருண்டு விழுந்ததற்கு என் பதில் வேறு. இபிஎஸ்ஸை நசுக்குவது உள்ளே இருக்கும் நாலைந்து கிலோ தலை. வெறும் ஹெல்மெட் இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் பெரும்பாலும் பெயின்ட்தான் போகும். உள்துணியைக் கழற்றி, இபிஎஸ்ஸை வெளிச்சத்தில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள்.

நெடுவழி எழுதியது:

தறிநூல், இதில் நான் உங்களோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. கையேடுகளில் பல தயாரிப்பாளர்கள் விழுந்தாலே மாற்று என்றுதான் எழுதுகிறார்கள். ஓட்டுக்கும் இபிஎஸ்ஸுக்கும் நடுவில் நடந்தது நம் கண்ணுக்குத் தெரியாது. கான்கிரீட்டில் விளிம்பு படும்படி விழுந்திருந்தால் நான் போடமாட்டேன். சில நிறுவனங்கள் திருப்பி அனுப்பினால் பார்த்துச் சொல்வார்கள். சாரல் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

விழாமலே கெடுவதும் உண்டு. ஹெல்மெட்டைக் கவிழ்த்து பைக்கின் பக்கக் கண்ணாடித் தண்டில் செருகி வைப்பார்களே, அந்தத் தண்டு முனை இபிஎஸ்ஸில் குழி போடும். பெட்ரோல் டேங்க் மேல் வைத்தால் ஆவி படும். வைசரை பெட்ரோலாலோ தின்னராலோ துடைத்தால் பாலிகார்பனேட் வெடிப்பு விடும். ஈரத் துணியைக் கால் மணி நேரம் மேலே போட்டு வைத்தால் ஒட்டியிருக்கும் பூச்சியெல்லாம் ஊறி வந்துவிடும், தேய்க்கவே வேண்டாம். ஐந்து வருடம் ஆனால் விழாவிட்டாலும் மாற்றுங்கள். ஸ்னெல்லும் அதையே சொல்கிறது. வியர்வை, எண்ணெய், வெயில் எல்லாம் பஞ்சையும் பசையையும் தின்றிருக்கும். வாங்கும்போது உள்துணிக்கு அடியில் தயாரித்த மாதம் இருக்கும், அதையும் பாருங்கள்.

மூக்குக்கண்ணாடி எழுதியது:

கண்ணாடி போடுகிறவர் என்பதால் புதுச்சக்கரத்துக்கு ஒரு வார்த்தை. ஹெல்மெட் பார்க்கப் போகும்போது தினமும் போடுகிற அதே கண்ணாடியோடு போங்கள். ஹெல்மெட்டை முதலில் மாட்டி, பிறகு கண்ணாடியை நேராகச் செருக வேண்டும். காதுக்கு மேலே கன்னப் பஞ்சில் கண்ணாடிக் கால் போக ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பள்ளம் இல்லாததில் பத்தாவது நிமிடம் பொட்டில் வலி ஆரம்பிக்கும். அந்த வலியை அளவு சிறிது என்று எண்ணி நானே ஒரு முறை பெரிதாக வாங்கி ஏமாந்தேன்.

மழையில் உங்களுக்கு இரண்டு கண்ணாடி மங்கும், வைசரும் மூக்குக்கண்ணாடியும். பின்லாக் பொருத்தும் முனைகள் உள்ள வைசராக வாங்குங்கள். உள்பக்கம் இன்னொரு மெல்லிய தகடு ஒட்டி, நடுவில் காற்றை அடைத்துவிடுவார்கள், வைசர் மங்காது. மூக்குக்கண்ணாடிக்கு அது உதவாது, அதற்குத் தாடைக் காற்றுத் துளையைத் திறந்து வைக்க வேண்டும். கறுப்பு வைசர் மட்டும் வாங்கிவிடாதீர்கள். மாலையில் திரும்பும்போது என்ன செய்வீர்கள்?

ஆற்றுமணல் எழுதியது:

முழு முகம் போட்டால் காது கேட்காது என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

இரவுப்பணி எழுதியது:

நெடுஞ்சாலை வேகத்தில் காதில் விழுவது பெரும்பாலும் காற்றின் இரைச்சல்தான் அண்ணா. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள்ளேயே 100 டெசிபல் அளவுக்குப் போகும். அமெரிக்கத் தொழில்நலக் கணக்குப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம், 100 என்றால் 15 நிமிடம்தான். தாண்டினால் காது மெல்ல மெல்லப் போகும், போனது வராது. ஓபன் ஃபேஸில் அந்த இரைச்சல் இன்னும் அதிகம். நீண்ட தூரம் போனால் பஞ்சு போன்ற காதடைப்பான் போடுங்கள். காற்றின் இரைச்சல் குறைந்ததும் ஹாரன் தனியாகத் தெளிவாகக் கேட்பதை நீங்களே உணர்வீர்கள்.

இன்னொன்றையும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது விழுந்து கிடந்தால் ஓடிப்போய் ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு இழுப்பில் கைகால் செயலிழந்துவிடும். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். வைசரைத் திறந்து விடுங்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, இன்னொருவர்தான் கழற்ற வேண்டும். இப்போது சில ஹெல்மெட்டுகளில் கன்னப் பஞ்சை வெளியே இழுத்துவிட சிவப்பு நாடா வைத்திருக்கிறார்கள். அது இருந்தால் எங்கள் வேலை பாதியாகும். வாங்கும்போது அதையும் பார்த்து வாங்குங்கள், எங்களுக்காக.

கணக்குவாத்தியார் எழுதியது:

இரவுப்பணி சொன்னதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. 1935 மே மாதம் டி. இ. லாரன்ஸ், ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று பெயர்பெற்றவர், இங்கிலாந்தில் பைக்கிலிருந்து விழுந்து, ஆறு நாள் கழித்து இறந்தார். தலையில் எதுவும் போட்டிருக்கவில்லை. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவரை விடவில்லை. ராணுவத்தில் செய்தி கொண்டுபோகிறவர்கள் பைக்கில் போய் விழுந்து இறப்பதை ஆராய்ந்து, 1941 இல் ஹெல்மெட்டின் அவசியம் பற்றி ஒரு மருத்துவக் கட்டுரை எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பிற்பாடு நடந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2008 ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு, ஹெல்மெட் சாவு அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று சொல்கிறது.

சாரல் எழுதியது:

பின்னால் உட்காரும் தங்கைக்கு நானும் ஒன்று சொல்கிறேன். கொண்டை போட்டுக்கொண்டு ஹெல்மெட் போட முடியாது. ஹெல்மெட் மேலேறி நின்று நெற்றியைத் திறந்துவிடும். பின்கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னல் போடச் சொல்லுங்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு மேலே ஹெல்மெட் போடுகிற வழக்கம் இருந்தால், அந்தத் துணியோடு போய் அளவு பாருங்கள். உங்கள் பழைய ஹெல்மெட்டை அவளுக்குக் கொடுக்கிற வேலை வேண்டாம். நீங்கள் விழுந்தால் அவளும்தான் விழுவாள்.

புதுச்சக்கரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று திரும்பப் போனேன். உச்சியிலிருந்து படம் எடுத்துப் பார்த்ததில் என் தலை முன்பின் கொஞ்சம் நீளம். நேற்றுப் போட்ட எம்மை இன்று பத்து நிமிடம் போட்டதுமே நெற்றி நடுவில் சுருக்கென்றது, கழற்றிப் பார்த்தால் வட்டமாகச் சிவப்பு. வேறு தயாரிப்பாளரின் எம் போட்டேன். கன்னம் அதே மாதிரி நசுங்கியது, ஆனால் நெற்றியில் ஒன்றுமே இல்லை. நாற்பது நிமிடம் போட்டிருந்தேன். பின்னாலிருந்து இழுத்தேன், வரவில்லை. துணிச்சீட்டில் 06, பி. எங்கள் நாட்டு முத்திரையும் இருக்கிறது. பாலிகார்பனேட் ஓடு, எடை 1.5 கிலோ. வாங்கிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். கொக்கி இரண்டு டி வளையம் உள்ளது. சீட்பெல்ட் மாதிரி டக்கென்று மாட்டுகிற வகை இல்லை. மாட்டவே ஒரு நிமிடம் ஆகிறது. தவறு செய்துவிட்டேனா?

நெடுவழி எழுதியது:

இல்லை தம்பி, இரண்டுமே தேறியவைதான். டி வளையத்தில் ஒவ்வொரு தடவையும் பட்டை உங்கள் தாடைக்கு இறுகும், கனமான உடையோ மெல்லிய உடையோ தானே சரியாகிவிடும். டக்கென்று மாட்டுவதில் நீளத்தை அவ்வப்போது பார்த்துச் சரிசெய்யாவிட்டால் நாளாக நாளாகத் தளரும். பட்டையை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, திரும்பி ஒரு வளையத்துக்குள் மட்டும் கொண்டுவந்து இழுங்கள். இரண்டாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவீர்கள். நுனியில் இருக்கும் பொத்தான் காற்றில் பட்டை அடிக்காமல் இருக்க மட்டும்தான். பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு மாட்டியாயிற்று என்று கிளம்பிவிடாதீர்கள்.

புதுச்சக்கரம் எழுதியது:

சரி அண்ணா, பழகிக்கொள்கிறேன். இப்போதே வீட்டுக்குள் போட்டுக்கொண்டுதான் இதைத் தட்டுகிறேன். தங்கையை அளந்துவிட்டேன், 55. சின்ன ஓட்டு அளவு உள்ளதாகக் கேட்கச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை தாழ்வாகப் பின்னல் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றாள்.